வரைபடம் மெயிலில் மங்காமல் போய்ச் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவோடு வேலை செய்யும் அலுவலகங்களில் வரைபடங்கள் பெரும்பாலும் மெயிலில்தான் பயணம் செய்கின்றன. வரைந்தவர் திரையில் பளிச்சென்று இருக்கும். மேலாளர் திறக்கும்போது எழுத்து மங்கி, கோடு பிசிறடித்திருக்கும். அதையொட்டி வரும் கேள்விகள் இவை.

பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பு, வரத்து, வெளியேற்றக் கணக்கை நாள்தோறும் வெளியிடுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் வெளியேற்றத்தை 2011 முதல் 2020 வரை எடுத்து ஒரு கோட்டு வரைபடம் போட்டிருக்கிறீர்கள். அதை உடன் வேலை பார்க்கும் நாலு பேருக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் 3,653 நாள், அதாவது 3,653 புள்ளிகள். பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் தேடப்போவது ஒன்றைத்தான்: சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்ட அந்த ஒற்றை முள்.

நேரமில்லை. ஒரே வரியில் சொல்லுங்கள், எந்த வடிவத்தில் அனுப்புவது?

மெயிலின் உடலில் 1600 பிக்சல் அகலத்தில் ஒரு பிஎன்ஜி, இணைப்பாக அதே படத்தின் பிடிஎஃப். முன்னது பார்ப்பதற்கு, பின்னது பெரிதாக்கிப் பார்க்கவும் அச்சடிக்கவும். பெறுபவர் கணக்குப் போடப்போகிறார் என்றால், எண்கள் மட்டும் இருக்கும் சிஎஸ்வி கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். படத்தில் அளவுகோல் வைத்து அளக்க விடாதீர்கள்.

என் திரையில் நன்றாக இருந்த படம் அவருக்கு ஏன் மங்கலாகப் போகிறது?

வழியில் யாரோ அதன் அளவை மாற்றியிருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் மனிதர் இல்லை, மென்பொருள். திரையிலிருந்து நகல் எடுத்து மெயிலில் ஒட்டும்போது திரையில் தெரிந்த பிக்சல்கள் மட்டுமே போகும். ஒட்டிய படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் அது இன்னொரு மாற்றம். அதை வேர்டில் வைத்துச் சேமித்தால் இன்னொன்று. பவர்பாயின்ட்டில் போட்டு, குறைந்த அளவு பிடிஎஃப் ஆக்கினால் மற்றொன்று. ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது.

ஆகவே விதி ஒன்றுதான். எத்தனை அங்குலம், எத்தனை பிக்சல் என்பதை வரையும் நிரலிலேயே முடிவு செய்து, கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பை அனுப்புங்கள். அப்புறம் அதை யாரும் இழுக்கவோ சுருக்கவோ தேவை வரக்கூடாது.

பிக்சல் படம், வெக்டர் படம் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் எல்லாம் பிக்சல் படங்கள். இத்தனையாவது வரிசையில் இத்தனையாவது கட்டம் இந்த நிறம் என்று எழுதி வைத்திருக்கும். பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும். பிடிஎஃப், எஸ்விஜி, இபிஎஸ் ஆகியவை வெக்டரைத் தாங்கும். இங்கிருந்து அங்கே இவ்வளவு தடிமனில் ஒரு கோடு என்ற கட்டளையாக இருக்கும். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப் என்று பெயர் இருப்பதாலேயே உள்ளே இருப்பது வெக்டர் ஆகிவிடாது. ஸ்கிரீன்ஷாட்டை வேர்டில் ஒட்டி பிடிஎஃப் ஆக மாற்றினால் உள்ளே கிடப்பது அதே மங்கல் படம்தான். சந்தேகம் என்றால் 800 சதவீதம் பெரிதாக்கி ஒரு அச்சு எண்ணைப் பாருங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஜேபெக் போதாதா? கோப்பும் சின்னதாக இருக்கிறதே.

புகைப்படத்துக்குப் போதும், வரைபடத்துக்கு ஆகாது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிகிறது. வானத்திலும் முகத்திலும் அது தெரியாது. வெள்ளைத் தாளில் கூர்மையான கறுப்புக் கோடு வரும் இடத்தில் உடனே தெரியும்: கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் சாம்பல் நிறத் திட்டுகள். போதாக்குறைக்கு, பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில் நிறத் தகவல் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் மெல்லிய சிவப்புக் கோடு இளஞ்சிவப்பாகக் கசிந்து நிற்கும்.

பிஎன்ஜி எதையும் தூக்கி எறிவதில்லை. அதோடு, வெள்ளைப் பரப்பு அதிகம் உள்ள கோட்டு வரைபடத்தில் பிஎன்ஜி பெரும்பாலும் ஜேபெக்கைவிடச் சின்னதாகவே வரும். இடம் மிச்சம் என்ற வாதமும் அங்கேயே முடிந்தது. ஒருமுறை ஜேபெக் ஆன படத்தைத் திரும்ப பிஎன்ஜி ஆக்கிப் பயனில்லை. திட்டுகள் அப்படியே பத்திரமாக இருக்கும்.

300 டிபிஐ வேண்டும் என்று கேட்கிறார்கள். வைத்தால் போதுமா?

டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. அங்குலம் எத்தனை என்று சொல்லாமல் டிபிஐ மட்டும் சொல்வதில் பொருளே இல்லை. 6 அங்குல அகலம், 300 டிபிஐ என்றால் 1800 பிக்சல். 18 அங்குலம், 100 டிபிஐ என்றாலும் அதே 1800 பிக்சல்.

இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தின் அளவும் கோட்டின் தடிமனும் பாயின்ட்டில், அதாவது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கில் குறிக்கப்படுகின்றன. 10 பாயின்ட் எழுத்து 6 அங்குலப் படத்தில் வசதியாகப் படிக்கும் அளவில் இருக்கும். 18 அங்குலப் படத்தில் அதே எழுத்து, படத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இரண்டையும் மெயிலில் ஒரே அகலத்தில் காட்டினால் ஒன்றில் அச்சு எண்கள் தெரியும், மற்றதில் எறும்பு அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். எழுத்து படத்தோடு பொருந்த வேண்டுமானால் அங்குலத்தை மாற்றுங்கள், கூர்மை வேண்டுமானால் டிபிஐயை மாற்றுங்கள். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மெயிலுக்கு 8 அங்குலம், 200 டிபிஐ என்பது நல்ல தொடக்கம். 1600 பிக்சல் வரும். மெயில் திரையில் படத்துக்குக் கிடைக்கும் அகலம் 600 முதல் 800 பிக்சல். பிக்சல் நெருக்கமாக உள்ள கூர்திரைகள் அதற்கு இரண்டு மடங்கு கேட்கும்.

டிபிஐயை 600 ஆக்கிவிட்டேன். ஆனாலும் அந்த 2015 முள் சரியாகத் தெரியவில்லையே?

இந்தக் கேள்வி வரும் இடத்தில்தான் பலரும் மென்பொருளைத் திட்டத் தொடங்குகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பைதான் நிரல்மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப், எதுவும் சொல்லாவிட்டால் 6.4க்கு 4.8 அங்குலம், 100 டிபிஐயில் படம் போடும். 640 பிக்சல் அகலம். அதில் இரு பக்க ஓரமும் போக வரையும் பரப்புக்குக் கிடைப்பது சுமார் 496 பிக்சல். அதற்குள் 3,653 நாள். ஒரு பிக்சலுக்கு ஏழு நாளுக்கு மேல்!

இன்னும் மோசம், கோட்டின் தடிமன். இயல்பான 1.5 பாயின்ட் கோடு அந்தப் படத்தில் இரண்டு பிக்சல் அகலம் பிடிக்கும். பதினைந்து நாள். நவம்பர் நடுவில் திறந்த தண்ணீரும் டிசம்பர் தொடக்கத்தில் திறந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தடித்த கம்பமாகத் தெரியும். ஊரே பேசிய அந்த இரு வார இடைவெளி படத்தில் காணாமல் போகும்.

இப்போது டிபிஐயை 600 ஆக்கினால் என்ன ஆகும்? படம் 3840 பிக்சல் ஆகும், கோடும் அதே விகிதத்தில் தடிக்கும். கோட்டுக்குள் அடங்குவது அதே பதினைந்து நாள்தான். பிடிஎஃப் ஆக்கிப் பெரிதாக்கினாலும் கோடும் கூடவே பெரிதாகும். படம் கூர்மையாகும், தகவல் கூடாது.

செய்ய வேண்டியது வேறு. படத்தை 11 அங்குல அகலமாக்கி, கோட்டை 0.5 பாயின்ட் ஆக்கினால் கோட்டின் அகலத்துக்குள் மூன்று நாள்தான் அடங்கும். அதோடு நிறுத்தாமல், 2015 அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான 92 நாளைக் கீழே தனிப் படமாகப் போடுங்கள். அதில் ஒவ்வொரு நாளும் தனித்தனியாக நிற்கும். பத்தாண்டுப் படம் முள் எவ்வளவு அபூர்வமானது என்று காட்டும், மூன்று மாதப் படம் அது எப்படி நடந்தது என்று காட்டும். இரண்டையும் ஒரே கோட்டில் கேட்பதுதான் தவறு.

ஆர், மேட்லேப், நூப்ளாட் பயன்படுத்துகிறவர்களுக்கு?

ஆரின் பழைய பிஎன்ஜி கருவி எதுவும் சொல்லாவிட்டால் 480க்கு 480 பிக்சல்தான் தரும். அந்தச் சதுரத்தை இன்றும் பல அறிக்கைகளில் பார்க்கலாம். ஆரின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2இன் சேமிப்புக் கட்டளை 300 டிபிஐ வைத்துக்கொள்ளும், ஆனால் அகலம், உயரம் சொல்லாவிட்டால் அப்போது திறந்திருக்கும் ஜன்னலின் அளவை எடுத்துக்கொள்ளும். ஜன்னலை நேற்று எப்படி வைத்திருந்தீர்களோ அப்படி. அதனால்தான் ஒரே நிரல் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் படம் தருகிறது. அகலம், உயரம் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

மேட்லேபில் 2020இன் முதல் பதிப்பிலிருந்து ஏற்றுமதிக்குத் தனிக் கட்டளை இருக்கிறது. வெக்டர் வேண்டும் என்று அதில் சொல்லலாம். நூப்ளாட்டில் கெய்ரோ வகை பிஎன்ஜி, பிடிஎஃப் இரண்டும் நன்றாகவே வரும்.

எக்செல் வரைபடத்தை எப்படி அனுப்புவது?

வரைபடத்தை ஒரு சொடுக்கில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். வரைபடம் தேர்வாகி இருந்தால் அது மட்டும் முழுப் பக்கத்துக்கு வரும், வெக்டராகவே வரும். இவ்வளவு எளிய வழி இருக்க, பலரும் செய்வது நகல் எடுத்து ஒட்டுவதுதான்.

ஒட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. எக்செல் வரைபடத்தை வேர்டிலோ பவர்பாயின்ட்டிலோ சும்மா ஒட்டினால் அது படமாகப் போகாது, உங்கள் கணினியில் உள்ள கோப்போடு தொடுப்பு வைத்துக்கொண்டு போகும். பெறுபவர் எண்களைத் திருத்தப் போனால் தொடுத்த கோப்பு இல்லை என்று சொல்லும். சரி, தொடுப்பு வேண்டாம் என்று பணிப்புத்தகத்தையே உள்ளே பொதிக்கும் தேர்வை எடுத்தால் இன்னும் ஆபத்து. அந்தக் கோப்பின் எல்லாத் தாள்களும், மறைத்து வைத்தவை உட்பட, கூடவே போகும். இரண்டு பட்டைகள் உள்ள சின்ன வரைபடத்துக்குப் பின்னால் மொத்தத் துறையின் சம்பளப் பட்டியல் ஒளிந்திருக்கலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக ஒரு எக்செல் கோப்பை அனுப்பியது. கேட்டது எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற கூட்டுத்தொகை மட்டும். கோப்புக்குள் கண்ணில் படாத ஒரு தாளில் 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் பெயர் விவரம் இருந்தது. தீவிரவாத அச்சுறுத்தல் உள்ள ஊரில் காவலர்களின் பட்டியல்! அடுத்த ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

எனவே வெளியே போகும் எதிலும் "படமாக ஒட்டு" என்ற தேர்வை மட்டும் எடுங்கள்.

அப்படியானால் பிடிஎஃப் பாதுகாப்பானதா?

எக்செல்லைவிடப் பாதுகாப்பு. ஆனால் வெக்டர் பிடிஎஃப் ஒரு புள்ளி வரைபடத்தைச் சுமந்தால், ஒவ்வொரு புள்ளியின் இருப்பிடமும் உள்ளே எண்ணாக இருக்கும். தெரிந்தவர் அதை வெளியே எடுத்து மூலத் தரவை ஏறக்குறைய மீட்டுவிடலாம். நோயாளிகள், வாடிக்கையாளர்கள், ஊதியம் என்று தனிமனிதர் சம்பந்தப்பட்ட தரவாக இருந்தால், அதை வெளியாருக்கு வெக்டராகத் தராமல் மிதமான அளவு பிஎன்ஜியாகக் கொடுங்கள். கூர்மை குறைவதே சில நேரம் நல்லது.

மெயிலின் உடலில் எஸ்விஜி வைக்கலாமா?

வேண்டாம். ஜிமெயில் அதை உடலில் காட்டாது. 2025இல் இணைய அவுட்லுக்கும் புதிய விண்டோஸ் அவுட்லுக்கும் உடலில் உள்ள எஸ்விஜியைக் காட்டுவதை நிறுத்தின. எஸ்விஜிக்குள் நிரலை ஒளித்து வைத்து ஏமாற்று மெயில் அனுப்புவது பெருகியதே காரணம். இணைப்பாக அனுப்பினாலும் சில அலுவலகங்களின் பாதுகாப்பு வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். படத்தைத் திருத்த வேண்டிய வடிவமைப்பாளருக்கு மட்டும் எஸ்விஜி, அதுவும் பகிர்வுக் கோப்புறை வழியாக. இபிஎஸ்ஸை மறந்துவிடலாம்; 2017 ஏப்ரலில் பாதுகாப்புக் காரணத்தால் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸில் அதைச் செருகும் வசதியே முடக்கப்பட்டது.

உடலில் படம் வைக்கும்போது அவுட்லுக் குளறுபடி செய்கிறதே?

விண்டோஸின் பழைய அவுட்லுக் 2007 பதிப்பிலிருந்து மெயிலைக் காட்ட வேர்டின் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. வேர்டுக்கு எல்லாமே தாள், அங்குலம். ஆகவே இழுத்து அளவை மாற்றாதீர்கள். நகல் எடுத்து ஒட்டுவதற்குப் பதில் செருகு பட்டியிலிருந்து கோப்பைத் தேர்ந்தெடுங்கள். எதையும் நம்ப முடியவில்லையா? அதே பிஎன்ஜியை இணைப்பாகவும் சேர்த்துவிடுங்கள். படத்தைச் சுருக்கும் தேர்வை எடுக்காதவரை இணைப்பை மெயில் மென்பொருள் பொதுவாகத் தொடாது. அனுப்பிய பைட் அப்படியே போய்ச் சேரும்.

வேர்டு, பவர்பாயின்ட் கோப்பாகவே அனுப்புகிறீர்கள் என்றால், விருப்பங்களில் மேம்பட்ட பிரிவுக்குப் போய்ப் படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் சேமிக்கும்போதே சுருக்கிவிடும்.

ஜிமெயிலில் 25 எம்பி வரை போகலாம் என்கிறார்கள். என் 20 எம்பி கோப்பு ஏன் சிரமப்படுகிறது?

மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளை மட்டும் சுமக்கும் அமைப்பு. 1992இல் வந்த மைம் என்ற நெறிமுறைதான் கோப்புகளை எழுத்துகளாக மாற்றி அனுப்ப வழிசெய்தது. மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது, வரி முறிவும் சேர்ந்தால் 37 சதவீதம் கூடும். உங்கள் 20 எம்பி வழியில் 27 எம்பி ஆகிறது. 18க்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி.

உண்மையில் ஒரு கோட்டு வரைபடம் சில நூறு கேபி தாண்டவே கூடாது. தாண்டினால் வேறு எங்கோ தவறு இருக்கிறது.

என் புள்ளி வரைபடத்தில் அஞ்சு லட்சம் புள்ளி. பிடிஎஃப் திறக்கவே ஒரு யுகம் ஆகிறது.

அந்த "வேறு எங்கோ" இதுதான். வெக்டரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டளை. ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கண்ணுக்கே தெரியாத புள்ளிக்கும் கட்டளை உண்டு. பெறுபவரின் கணினி பக்கத்தை நகர்த்தும்போதெல்லாம் அஞ்சு லட்சம் வட்டம் வரைந்துகொண்டிருக்கும்.

புள்ளிகளை மட்டும் பிக்சலாக்கி, அச்சு, எண்கள், தலைப்பு ஆகியவற்றை வெக்டராக விடலாம். மேட்பிளாட்லிப்பில் புள்ளிகளை வரையும் கட்டளையிலேயே அதற்கு ஒரு சொல் இருக்கிறது, ரேஸ்டரைஸ்டு. கோப்பு சட்டென்று இளைத்துவிடும், எழுத்து கூர்மையாகவே இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், அஞ்சு லட்சம் புள்ளியைப் புள்ளியாகக் காட்டுவதே வீண். அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து அடர்த்தியை நிறத்தில் காட்டினால் படமும் சின்னது, விஷயமும் தெரியும்.

மேலாளர் கைபேசியில் பார்த்தார். எழுத்தே இல்லை, கோடு மட்டும் இருக்கிறது என்கிறார்!

அவர் இருள் தோற்றத்தில் (டார்க் மோடு) பார்த்திருக்கிறார். உங்கள் பிஎன்ஜியின் பின்னணி வெள்ளை இல்லை, ஒளி ஊடுருவும் பின்னணி. கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து. சேமிக்கும்போது பின்னணி வெள்ளை என்று எழுதிவிடுங்கள். ஜிஜிபிளாட்2இல் எளிய தீம்களைப் பயன்படுத்துகிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

தலைப்பைத் தமிழில் போட்டால் கட்டம் கட்டமாக வருகிறது.

மேட்பிளாட்லிப் கூடவே கொண்டுவரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸின் நிர்மலா எழுத்துருவை வைத்தால் கட்டம் போய்விடும். அடுத்த சிக்கல் அப்போதுதான் வெளியே வரும். மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகள் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கும். கணினியில் செ என்பது முதலில் ச, பிறகு ஒற்றைக்கொம்பு. அப்படியே அடுக்கினால் "செம்பரம்பாக்கம்" என்பதில் கொம்பு ச-வைத் தாண்டி ம்-முக்கு முன்னால் போய் நிற்கும். கொ, கோ இன்னும் அலங்கோலம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் கண்ணில் படாது, நம் கண்ணில் உடனே குத்தும்.

வழி உண்டு. எழுத்தைக் கோடாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்து எஸ்விஜியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். அதை இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளில் திறந்தால் அது தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டும். அங்கிருந்து பிடிஎஃப், பிஎன்ஜி இரண்டையும் எடுக்கலாம். ஆர் பயன்படுத்துகிறவர்கள் ராக் என்ற தொகுப்பின் பிஎன்ஜி கருவியையும் கெய்ரோ பிடிஎஃப் கருவியையும் பயன்படுத்தினால் தமிழ் தானாகவே ஒழுங்காக வரும். எக்செல், லிப்ரே ஆஃபிஸ் இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை.

நிறங்கள்?

சிவப்பு, பச்சை இரண்டையும் வைத்து மட்டும் வேறுபடுத்தாதீர்கள். ஆண்களில் கணிசமானவர்களுக்கு அந்த இரண்டும் பிரிந்து தெரியாது. அலுவலகத்தில் ஒருவராவது இருப்பார், சொல்லிக்கொள்ள மாட்டார். மசடகா ஒகாபே, கெய் இட்டோ என்ற இரு ஜப்பானிய அறிவியலாளர்கள் தொகுத்த எட்டு நிறங்கள் இதற்கென்றே இருக்கின்றன. அளவைக் காட்டும் நிறவரிசைக்கு வானவில்லை விட்டுவிட்டு விரிடிஸ் என்ற நிறவரிசையை எடுங்கள். மேட்லேப் 2014இலும் மேட்பிளாட்லிப் 2017இலும் வானவில்லைக் கைவிட்டன. எப்படியும் யாராவது கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பார்கள். கோடுகளில் ஒன்றைப் புள்ளிக் கோடாக்கினால் அங்கேயும் பிழைக்கும்.

அவசரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் என்ன?

பேச்சு நடக்கும்போதே "இதைப் பாருங்கள்" என்று காட்டுவதற்கு ஒன்றும் தவறில்லை. அதுவே அறிக்கைக்குள் போகும் என்று தெரிந்தால் வேண்டாம். ஓரத்தில் இருக்கும் வேறு ஜன்னல்களையும் பாருங்கள். வெட்டிவிட்டேன் என்பதும் போதாது. வேர்டிலும் பவர்பாயின்ட்டிலும் வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும், அதை நீக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். 2023இல் விண்டோஸின் ஸ்கிரீன்ஷாட் கருவியிலேயே, வெட்டி அதே பெயரில் சேமித்த பிஎன்ஜியில் பழைய பகுதி ஒட்டிக்கொண்டிருந்தது வெளியானது. அப்புறம்தான் திருத்தினார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்களே?

படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும், ஆவணமாகப் போனால் தொடாது.

சுட்டினால் எண் காட்டும் ஊடாட்ட வரைபடத்தை அனுப்பலாமா?

ப்ளாட்லி போன்ற வரைபட நூலகங்கள் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாகத் தரும். நூலகமும் உள்ளே இருப்பதால் சில எம்பி வரும், அது பெரிதில்லை. ஆனால் ஹெச்டிஎம்எல் இணைப்பைப் பல அலுவலக வடிகட்டிகள் வைரஸ் போலவே பார்க்கும். உள் வலைத்தளத்திலோ பகிர்வுக் கோப்புறையிலோ வைத்து, மெயிலில் பிஎன்ஜியும் தொடுப்பும் மட்டும் அனுப்புவதே நடக்கிற காரியம். தொடுப்பை அனுப்பும் முன், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் ஒருமுறை திறந்து பாருங்கள். அனுமதி கேட்டுப் பூட்டிக் கிடக்கும் தொடுப்பு எல்லாருக்கும் வந்த அனுபவம்தான்.

மெயிலில் என்ன எழுதுவது?

"பிஎஃப்ஏ" (இணைப்பைப் பார்க்கவும்) என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து மட்டும் எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். செம்பரம்பாக்கம் வெளியேற்றம், 2011–2020, நாள்வாரி. மேல் படம் பத்தாண்டும், கீழ்ப்படம் 2015 அக்டோபர் முதல் டிசம்பர் வரையும். அலகு விநாடிக்குக் கன அடி. டிசம்பர் 1, 2 உச்சத்தைக் கீழ்ப்படத்தில் பார்க்கவும். தரவு குடிநீர் வாரியத்தின் நாள் அறிக்கை. அறிக்கை வராத நாட்களைக் கோட்டில் இடைவெளியாக விட்டிருக்கிறேன். அச்செடுக்க பிடிஎஃப் இணைப்பில், எண்கள் சிஎஸ்வியில்."

இதில் முக்கியமான வரி அந்த இடைவெளி பற்றியதுதான். தரவு இல்லாத நாளைக் கோடு பாலம் போட்டுக் கடந்துவிட்டால், படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பொய் சொல்லும். பார்வையில்லாத சக ஊழியர் திரைவாசிப்பானில் கேட்பதாக இருந்தால், இந்த நாலு வரிதான் அவருக்கு வரைபடம்.

கோப்புக்கு என்ன பெயர் வைப்பது?

ஏரி, பொருள், காலம், வரைந்த தேதி. தேதியை ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் கோப்புறையில் தானாகவே ஒழுங்காக அடுக்கும். "கடைசி", "கடைசி புதுசு", "கடைசி உண்மையிலேயே" என்ற பெயர்கள் எப்படி முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். படத்தின் கீழ் ஓரத்தில் 6 பாயின்ட் சாம்பல் எழுத்தில் நிரலின் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள். மெயில் தொலைந்து படம் மட்டும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்போது, அது யாருடையது என்று கண்டுபிடிக்க அந்த ஒரு வரிதான் இருக்கும்.

எல்லாம் சரி, மேலாளர் பவர்பாயின்ட்டில்தான் வேண்டும் என்கிறார்.

கொடுங்கள். அகலத் திரை ஸ்லைடு 13.33க்கு 7.5 அங்குலம். தலைப்புக்கு இடம் விட்டு 12க்கு 6 அங்குலத்தில், எழுத்து 16 பாயின்ட்டுக்குக் குறையாமல், படத்தைப் புதிதாக வரையுங்கள். மெயிலுக்குப் போட்ட 8 அங்குலப் படத்தை இழுத்து நிரப்பாதீர்கள். புதிய பவர்பாயின்ட் எஸ்விஜியை நேரடியாக ஏற்கும், அதுவே முதல் தேர்வு. பழைய பதிப்பு வைத்திருக்கிறார் என்றால் 200 டிபிஐ பிஎன்ஜி போதும். நிரலில் இரண்டு வரி மாற்றம்தான். அளவுகளை மேலே மாறிகளாக வைத்திருந்தால் அதுகூட இல்லை.